கை மாறிய தட்டு

இங்கிலாந்தின் லாங்டனில் எங்கள் பீங்கான் பட்டறையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு தட்டு போட்டோம். விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் அதைச் சைகையில் காட்டும் இரண்டு கைகள். செப்புத் தகட்டில் வெட்டியதைத் தாளில் எடுத்துத் தட்டில் ஒட்டினால், இருமுறை திரும்பி நேராகவே விழும். தகடு வெட்டும் ஈனோக் எழுத்துகளை நேராகவே வெட்டினான். கைகளை மட்டும் கண்ணாடியில் தன் கையைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டான். சூளையிலிருந்து இறக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது.

“வலது கை செய்யறத எல்லாம் இடது கை செய்யுதே!” என்று மேஸ்திரி கத்தினார். “அத்தனையும் ஒடைங்க!”

“ரெண்டும் கைதானேய்யா?” என்றான் ஈனோக், வெட்கமே இல்லாமல்.

உடைக்கச் சொன்னதில் ஒன்றை நான் ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டேன். என் மகள் திர்சாவுக்கும் காது கேளாது. இடது கைக்காரி. அந்தக் கையால் எழுத்தைக் காட்டினால் பள்ளியில் பிரம்படி.

அன்றிரவு அவளிடம் கொடுத்தேன். தட்டைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். கஞ்சி ஆறியே போனது.

மறுநாள் காலை தட்டைப் பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். எதற்கென்று சைகையில் கேட்டேன். இடது விரலாலேயே ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினாள்: ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுக்க.