இரண்டாம் காட்சியில் இருப்பவள்

புதிய பதிப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்த மாலையில், நாடகத்தின் இரண்டாம் காட்சியில் நின்றிருந்த நடிகை மேடையிலேயே மாட்டிக்கொண்டாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்து வெளியேற வேண்டிய இடம். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அட்டைக் கதவும் அசையவில்லை. வசனம் மறந்துவிட்டதாக நினைத்துச் சனங்கள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். முன்பக்கமாக இறங்கப் பார்த்தாள். கை மணிக்கட்டு வரை வெளியே வந்தது, அதற்கு மேல் வரவில்லை. விளக்குக்காரரின் பூனை மேலே தாவிற்று, அதாலும் இறங்க முடியவில்லை. பிறகு யாரும் மேடையில் கால் வைக்கவில்லை.

எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டு கடந்து, அந்த நாடகம் எல்லோருக்கும் பொதுவாகியிருந்தது. பள்ளி ஆண்டுவிழாவில்கூடப் போட்டார்கள். சட்டம் ஐம்பதை எழுபதாக்கி, பொதுவாகிப்போனவற்றையும் வாரிசுகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

வக்கீல் முன்வரிசையில் உட்கார்ந்து விளக்கினார். "அந்த வார்த்தை ஊருக்கே சொந்தம்மா. ஆனா அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னு சொன்னா அவங்களோடது."

"அப்ப வேற ஏதாவது சொல்லிட்டுப் போறேனே?"

"மாத்திச் சொல்றதுக்கும் அவங்க அனுமதி வேணும்."

வாரிசுகள் இரண்டு பேரன்கள். மூத்தவர் பல் மருத்துவர். நாடகத்தைப் படித்ததே இல்லை. நேரில் வந்து, அவளைப் பார்த்துக் கண்கலங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். "தம்பியும் போடணும். அவன் என் மூஞ்சியில முழிக்கவே மாட்டேங்கறானே" என்றார். தம்பியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்தத் தம்பி இறந்து, அவர் உரிமை பிள்ளைகளுக்குப் பிரிந்து பல நாடுகளுக்குச் சிதறிவிட்டது.

முதல் வருடம் அவள் கத்தினாள். அடுத்த வருடம் கோடாரி கேட்டு வாங்கிக் கதவைப் பிளந்தாள். அதன் பின்னால், அரங்கச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு அட்டைக் கதவு இருந்தது. வரைந்த ஜன்னலில் எப்போதும் காலை வெயில் அடித்ததால் தூக்கம் பிடிக்க வெகுகாலம் ஆயிற்று. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் வேலை முடிந்ததும் சாப்பாட்டுடன் வந்து, கீழேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். மூன்று வயது மகள் மேடைக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினாள். அவளுக்குக் கல்யாணமாகும் வரை அம்மாதான் தலை பின்னிவிட்டாள். கல்யாணமும் அந்த அரங்கில்தான் நடந்தது.

எழுபது முடிய இரண்டு மாதம் இருந்தபோது சட்டம் அதைத் தொண்ணூறாக்கியது. சொல்ல வந்த கணவரின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் எத்தனை?"

"இருபது."

அவள் மேடைக் கட்டிலில் உட்கார்ந்தாள். "நீங்க மக வீட்டோட போய் இருங்க. இனிமே இங்க வராதீங்க" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். "கொஞ்சம் தள்ளிக்க."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று அவள் ஓடிவந்து தடுப்பதற்குள் ஏறிவிட்டார். அவர் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள்; பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இப்போது வாக்காளர் பட்டியலில் இருவருக்கும் முகவரி 'மேடை' என்றுதான் இருக்கிறது. தேர்தலன்று அதிகாரிகள் பெட்டியைத் தூக்கிவந்து விளிம்பருகே பிடித்துக்கொள்கிறார்கள்.