கீழ்க்கோடு

மொட்டை மாடியில் மாமனார், கூடத்தில் மருமகள். அவர் டிஷ்ஷைத் திருப்புவார். அவள் டிவியைப் பார்த்துச் சன்னல் வழியாக எண்ணைக் கத்துவாள். காலையிலிருந்து இதே பிழைப்பு.

அவள் கணவன் கடல் தாண்டி ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். அந்தச் சுரங்கம் இடிந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், தகவல் வந்ததும் சொல்கிறோம் என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். இங்குள்ள சேனல்களோ ஒரு நாள் காட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. அந்த நாட்டுச் சேனல் மட்டும் சுரங்க வாசலை விட்டு நகரவில்லையாம். அதற்குச் சந்தா கிடையாதாம், வானத்திலிருந்து சும்மாவே இறங்குகிறதாம், பிடிக்கத் தெரிந்தால் போதுமாம். டிஷ் கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், மாமனார் டிஷ்ஷும் பெட்டியுமாக வந்து நின்றார்.

பிடிக்கத் தெரிய வேண்டுமே! திரையில் இரண்டு கோடுகள். மேல்கோடு எண்பதைத் தொட்டதும் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நட்டை முடுக்கிவிட்டு ஆவலாக உட்கார்ந்தால் படத்தைக் காணோம். மறுபடி மாடி, மறுபடி எண்பது, மறுபடி இருட்டு. கடைசியில் கடைக்காரரைப் போனில் பிடித்தால், அந்தப் புண்ணியவான் அப்போதுதான் வாயைத் திறக்கிறார்: மேல்கோடு ஏறினால் ஒயர் சரியாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தமாம், டிஷ்ஷைச் சுவரைப் பார்த்து வைத்தாலும் அது எண்பது காட்டுமாம். படம் வரக் கீழ்க்கோடுதான் ஏற வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? அரை நாள் பாழ்.

கீழ்க்கோட்டில் பூஜ்யம்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குறுக்குச் சந்தில் பெரிய வண்டியை உரசாமல் திருப்பிய கை. டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். வெயில் மண்டையைப் பிளந்தது. இறங்கி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பிள்ளை மண்ணுக்குள் கிடக்கும்போது தனக்கென்ன தண்ணீர் என்று எரிந்து விழுந்தார். மகன் உயிரோடு வருவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை; வெளியே வருவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை.

"பூஜ்யம் மாமா... பூஜ்யம்... பத்து. முப்பத்தஞ்சு. அப்படியே, அப்படியே... அறுபது மாமா."

திரை மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் படம் கலங்கித் தெளிந்தது. சுரங்க வாசல் இல்லை. கறுப்புக் கரை போட்ட போட்டோக்கள், ஒவ்வொன்றாக வந்து போயின. பாஷை புரியவில்லை, புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அடுத்து வந்தது அவன். கம்பெனி போட்டோ கேட்டபோது, இருவரும் சேர்ந்து எடுத்த படத்தில் தன்னை வெட்டிவிட்டு அவள்தான் அனுப்பிவைத்தாள். வெட்டியது போக அவன் தோளில் அவளுடைய விரல்கள் மட்டும் இருந்தன.

எழுந்த அலறலை உள்ளங்கையால் பொத்தினாள். பாவி மனுஷன் கைப்பிடிச் சுவரில்லாத மாடியின் விளிம்பில் நிற்கிறாரே.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

வந்துவிட்டது என்றால் தடதடவென்று ஓடி வருவார். வந்து எதைப் பார்ப்பார்?

"ஒண்ணும் வரல மாமா. போயிடுச்சு."

அறுபது வரை ஏறியது, அவர் கையை அசைக்காமல் எப்படிப் போகும்? அது அவருக்குத் தெரியாதா? காலையெல்லாம் கத்திய குரலா இது என்று அவர் காதுக்குத்தான் கேட்காதா?

"படம் வந்துச்சாம்மா?"

"வரல மாமா."

ஸ்பானர் நட்டைக் கவ்வும் சத்தம் கேட்டது. அவர் முடுக்கவில்லை, தளர்த்தினார். டிஷ் கிறீச்சிட்டுத் திரும்பியது. கீழே படம் சில்லுச் சில்லாக உடைந்து அணைந்தது.

"இப்ப?"

"பூஜ்யம் மாமா."

"சரிம்மா. அதையே சொல்லிட்டு இரு. நான் கொஞ்சம் கழிச்சு இறங்கறேன்."

அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.