விறகுக்கு ஏற்ற கணப்பு

ஹல்கெயர் கணப்பு வாங்கப் போனபோது வீட்டின் அளவுகளைக் கொண்டு போகவில்லை. விறகின் அளவைக் கொண்டு போனார். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். முப்பது வருடமாகத் தன் காட்டு பிர்ச் மரங்களை அவர் அந்த நீளத்தில்தான் அறுக்கிறார். கொட்டகையின் தெற்குச் சுவரோரம், பட்டை மேலே தெரிய, ஏழு வருடத்துக்குக் காணும் விறகு அடுக்கியிருந்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஹல்கெயர் பார்க்காதவர் போல இருப்பார்.

அதற்கு முந்தைய குளிர்காலம் மோசமாகப் போயிருந்தது. புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் ராக்ன்ஃப்ரிட் பழைய இரும்புக் கணப்பில் விரிசலைக் கண்டு, இனி இதில் நெருப்பு வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மின் ஹீட்டர்கள் மூலைக்கு ஒன்றாக முனகின. ஹல்கெயரின் மனைவி போர்கில்ட் கம்பளித் தொப்பியோடுதான் காலைக் காபி குடித்தார். ஏப்ரலில் தொப்பியைக் கழற்றியதும் சொன்னார்:

"இன்னொரு குளிர்காலம் இப்படிப் போச்சுன்னா வீட்ட வித்துடலாம். ஹாமர் டவுன்ல, மக பக்கத்துல ஒரு ஃப்ளாட் பாத்துக்கலாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுக்கறேன்."

"ஃப்ளாட்ல நான் என்ன பண்றது?"

"உக்காரு."

அந்த ஒரு சொல்தான் ஹல்கெயரைக் கடைக்குத் துரத்தியது.

கடைக்காரர் நேர்மையான மனிதர். "சுவருக்குள்ள குளிர் புகாம இந்த வருஷம் புதுசா பஞ்சு அடைச்சிருக்கீங்க. ஜன்னலும் மூணு அடுக்குக் கண்ணாடி. அஞ்சு கிலோவாட் கணப்பே தாராளம். முப்பது சென்டிமீட்டர் விறகு போடலாம்."

"அப்ப என் விறகையெல்லாம் திரும்பவும் ரெண்டா அறுக்கணுமா?"

"ஆமா, அறுக்கணும்."

"அது என்ன கணப்பா, காபி சுட வைக்கற அடுப்பா?"

அக்டோபரில் பன்னிரண்டு கிலோவாட் கணப்பு வந்து இறங்கியது. சுற்றிலும் மாக்கல் பதித்தது. நான்கு பேர் தூக்கினார்கள். தரை தாங்காதோ என்று நிலவறையில் இரண்டு தூண் முட்டுக் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் விறகு அதன் வாய்க்குள் அளவெடுத்துத் தைத்தது போலப் போய் உட்கார்ந்தது. ஹல்கெயர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை மகள் பிறந்த அன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை என்று போர்கில்ட் பின்னால் சொன்னார்.

நவம்பரில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநாலு பாகை. உள்ளே முப்பத்தொன்று. மாக்கல் பிடித்த சூட்டை மறுநாள் மத்தியானம் வரை விடுவதாக இல்லை. போர்கில்ட் ஜூன் மாதத்துக் கையில்லாத உடுப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

பக்கத்து வீட்டு ஐவின்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் பள்ளத்தாக்கில் இறப்பு நேர்ந்த வீட்டில்தான் உறைபனியில் எல்லா ஜன்னலையும் திறப்பார்கள்.

"எப்ப ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன எப்ப ஆச்சு?" என்றபடி போர்கில்ட் கையில்லாத உடுப்போடு உள்ளேயிருந்து வந்தார்.

ஐவின்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கணப்பைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஊரையே சூடாக்கறீங்கன்னு சொல்லிருந்தா நானும் ஒரு கட்டு விறகு கொண்டாந்திருப்பேனே."

மறுநாள் ஹல்கெயர் ஜன்னல்களைச் சாத்தினார், கூடவே கணப்பின் காற்று வழியையும். விறகு எரியாமல் புகைந்தது. கண்ணாடிக் கதவு தார் பூசியது போலக் கறுத்தது. மஞ்சள் புகை பனியின்மேல் படுத்துக் கிடந்தது. போர்கில்டுக்கு இருமல் வந்தது.

"ஒண்ணு கோடைக்காலம், இல்லன்னா மீனுக்குப் புகை போடற கொட்டகை. நடுவுல எதுவும் கிடையாதா? ஹாமர் ஃப்ளாட்ல சுவத்துல சூட்டுக்குன்னு ஒரு திருகு இருக்காம். திருப்பினா போதுமாம்."

அவரே ராக்ன்ஃப்ரிட்டுக்குப் போன் செய்தார். ராக்ன்ஃப்ரிட் கூரையேறிப் பார்த்துவிட்டு, மூக்குவரை கரியோடு இறங்கி வந்தார்.

"ஹல்கெயர், இன்னும் ஒரு மாசம் இப்படி மூச்சடைச்சு எரிச்சிருந்தா புகைபோக்கியே பத்திக்கிட்டிருக்கும். அப்ப ஃப்ளாட்டா வீடான்னு யோசிக்கற வேலையே இருந்திருக்காது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"விறகப் பாதியா அறு. மெல்லிசாப் பொள. ஒரு தடவைக்கு மூணு துண்டு. மேல இருந்து பத்த வை, காத்த நல்லா விடு. எரிஞ்சு முடிஞ்சதா, போய் வேற வேலையப் பாரு. கல்லு மிச்சத்தப் பாத்துக்கும்."

"மூணு துண்டா?"

"மூணே மூணு."

ஹல்கெயர் இரண்டு வாரம் குனிந்த தலை நிமிராமல் அறுத்தார். பிறகு கூடத்தில் இருபத்தொரு பாகை வந்து அப்படியே நின்றது. கண்ணாடி தெளிந்தது. போர்கில்ட் செருப்பில்லாமல் நடந்தார், ஜன்னலைத் தொடவில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், "நல்லாத்தான் இருக்கு," என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேலான பாராட்டு கிடையாது.

ஆனால் ஹல்கெயர் சுரத்தில்லாமல் இருந்தார். அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். ஒரு தடவைக்கு மூன்று துண்டு என்றால், அடுக்கி வைத்த விறகு ஏழு வருடத்துக்கு அல்ல, இருபத்துமூன்று வருடத்துக்கு வரும். அவருக்கு இப்போது அறுபத்தொன்பது. இனி வெட்டுவதற்கு வேலையே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு போர்கில்ட் தன் முடிவைச் சொன்னார்.

"இங்கயே இருக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே ஒரு மரம்கூட வெட்டக் கூடாது. சமையலறை ஜன்னல்ல ஆறு தெரிஞ்சு பதினஞ்சு வருஷமாச்சு. உன் விறகுதான் தெரியுது."

வீட்டைக் காப்பாற்ற ஒரே வார்த்தை போதும். ஹல்கெயர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை காபிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"சரி. ஆனா ஐவின்டுக்கு வெட்டிக் குடுக்கலாம் இல்ல?"

போர்கில்ட் எழுந்து போய் மகளுக்குப் போன் போட்டார்.

"ஃப்ளாட்டெல்லாம் வேணாம்மா. ஆமா, குளிரெல்லாம் போயிடுச்சு. அதில்ல விஷயம். உங்க தெருவுல ரெண்டு பக்கமும் மரம் வச்சிருக்காங்களே, அதான், உங்கப்பாவ நெனச்சா பயமா இருக்கு."