ஒன்பது சேலையும் ஒரு பொம்மையும்

வியாபாரத்தில் இருப்பவர் காரணமில்லாமல் கடைக் கண்ணாடியைக்கூடத் துடைக்க மாட்டார் என்று விஜயரத்தினம் உறுதியாக நம்பினார். தன்னை வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருந்தார். ஆகவே ஸ்ட்ரெதம் ஹை றோட்டில் அவருடைய சேலைக்கடைக்கு நேர் எதிரே, பிறேமினியின் சேலைக்கடைக் கண்ணாடிக்குள் ஏப்ரலில் தொடங்கிய கூத்து அவருடைய நித்திரையைக் கெடுத்தது.

கூத்து இதுதான். கண்ணாடிக்குள் ஒரு கம்பி. கம்பியில் வரிசையாக ஒன்பது சேலைகள். முன்னால் ஒரு பொம்மை. நீலம், அரக்கு, சந்தனம் என்று மூன்றே நிறங்கள். ஆனால் அவை தொங்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒவ்வொரு காலையும் மாறும். ஒருநாள் ஏழு சந்தனம், ஓரத்தில் இரண்டு நீலம். மறுநாள் அரக்காக அடுக்கி வைத்திருக்கும். சில நாள் நீலச் சேலையில் அரக்குக் கரை. பொம்மையோ சில காலைகளில் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தமக்கை மாதிரி நிமிர்ந்து நிற்கும். சில காலைகளில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

"வாற சனத்துக்கு முதுகைக் காட்டுற கடையை எங்கயாவது கண்டனீரே?" என்று மனைவி சிவனேஸ்வரியிடம் கேட்டார்.

"சட்டையின்ரை பின்கழுத்து டிசைனைக் காட்டுறாளாக்கும்."

விஜயரத்தினம் உடனே தன் கடைப் பொம்மையையும் திருப்பி வைத்தார். அன்று மத்தியானமே இரண்டு பெண்கள் வந்து பின்கழுத்து டிசைன் கேட்டார்கள். அதோடு அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. அந்தக் கண்ணாடிக்குள் ஏதோ தொழில் இரகசியம் தொங்குகிறது.

அந்த இரகசியம் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. தீபாவளிக்கும் அதற்குப் பிறகு வரும் கலியாணங்களுக்கும் ஓகஸ்டில் காஞ்சிபுரத்துக்கு ஓடர் கொடுக்க வேண்டும். போன வருடம் கிளிப்பச்சையை நம்பினார். அந்தப் பச்சை இன்னும் மேல் தட்டில் இருந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முறையும் நிறம் பிழைத்தால் கடையை மூடிவிட்டு மைத்துனரின் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்க வேண்டியதுதான். மைத்துனர் ஏற்கனவே யூனிபோர்ம் ஷேர்ட்டுக்கு அளவு கேட்டுவிட்டார்.

முதலில் சிவனேஸ்வரியை உளவுக்கு அனுப்பினார். உள்பாவாடை வாங்கும் சாட்டில் போனவர், ஒரு சந்தன நிறப் பட்டுச் சேலையோடு திரும்பி வந்தார்.

"கேட்டனீரே?"

"கேக்கத்தான் போனனான். அவள் தேத்தண்ணி தந்தாள். பிறகு இதைக் காட்டினாள்."

"கண்ணாடிக்குள்ள இருக்கிறதைப் பற்றிக் கேட்டனீரோ எண்டு கேக்கிறன்."

"அது விக்கிறதில்லையாம்."

விற்கிறதில்லையாம்! சேலைக்கடைக்காரி விற்காத சேலையைத் தொங்கவிடுகிறாள் என்றால் அது சேலையே அல்ல, வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவை அவர் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், நவக்கிரகத்தைச் சுற்றும்போது கண்டுபிடித்தார். நாலாவது சுற்றில் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர்மேல் முட்டினார். ஒன்பது! நீலம் சனி, அரக்கு செவ்வாய், சந்தனம் வியாழன். பிறேமினி எங்கேயோ ஒரு கெட்டிக்காரச் சாத்திரியைப் பிடித்து வைத்திருக்கிறாள். கிரகம் பார்த்து நிறம் போடுகிறாள். பிரசாதத்தையும் மறந்து கடைக்கு ஓடி வந்தார்.

அதன்பின் கண்ணாடியை அவர் பஞ்சாங்கம் போலப் படித்தார். யூன் முழுக்க அரக்கும் சந்தனமும். பொம்மை சுவரோடு குடியிருந்தது. செவ்வாய் தோஷம் என்று தீர்மானித்தார். யூலையில் நீலம் எட்டிப் பார்த்தது. ஓகஸ்டில் கம்பி நீலத்தால் நிறைந்தது. பொம்மை தலைப்பை விரித்தபடி திரும்பவே இல்லை. சனி பகவான் இவ்வளவு உற்சாகமாக இருந்ததை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. காஞ்சிபுரத்துக்குப் போன் எடுத்து, எல்லாம் நீலம் என்றார். மறுமுனையில் இருந்தவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

அடுத்த நாள் காலை கடையைத் திறக்க வந்தபோது எதிர்க் கண்ணாடிக்குள் பதினொரு சேலைகள் தொங்கின.

விரல் நீட்டி எண்ணினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு எண்ணினார். பதினொன்றுதான். வானத்தில் இரவோடிரவாக இரண்டு கிரகம் கூடியிருக்க வேண்டும், அல்லது அவர் ஒரு மடையனாக இருக்க வேண்டும். வானத்தைப் பற்றி அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. றோட்டைக் கடந்தார்.

"வாங்கோ அண்ணை," என்றாள் பிறேமினி. நாற்பது வயதுக்காரி, அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள். "அக்காவுக்குச் சாறி பிடிச்சுதோ?"

"அது கிடக்கட்டும் பிள்ளை. உந்தக் கம்பியின்ரை விஷயத்தைச் சொல்லும்."

"சொன்னால் என்ன தருவியள்?"

இப்படிக் கேட்டிராவிட்டால் அவர் அவளை மதித்திருக்க மாட்டார். உள்பாவாடை எடுக்கும் இடத்தைச் சொல்வதாகச் சொன்னார். தனக்குத் தெரியும் என்றாள். காஞ்சிபுரத்துப் பார்சலை முந்தி எடுக்கும் வழி சொல்வதாகச் சொன்னார். கொட்டாவி விட்டாள். கடைசியில், குரோய்டனில் அவருடைய கடைக்குச் சட்டை தைக்கும் ஆளின் பெயரைக் கேட்டாள். அந்தப் பெயரை அவர் சொந்தத் தம்பிக்கே சொன்னதில்லை.

"செபமாலைமுத்து," என்றார், பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர் போல. "நம்பர் பிறகு அனுப்பிறன்."

"இப்ப அனுப்புங்கோ."

அனுப்பினார். அவள் போனில் ஏற்றிக்கொண்ட பிறகே வாயைத் திறந்தாள்.

"பேஸ்போல் அண்ணை."

"என்ன?"

"பேஸ்போல். டொராண்டோ டீம். நான் கலியாணத்துக்கு முதல் எட்டு வருசம் கனடாவிலை, ஸ்கார்பரோவிலை எல்லோ இருந்தனான். ஒரு ஆட்டத்துக்கு ஒம்பது சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு சாறி. எங்கட ஆக்கள் ஓட்டம் எடுத்தால் நீலம், மற்றவங்கள் எடுத்தால் அரக்கு, ரெண்டு பேரும் எடுத்தால் அரக்குக் கரை வைச்ச நீலம், ஒருத்தரும் எடுக்காட்டி சந்தனம். வெண்டால் பொம்மை முன்னுக்குப் பாக்கும். தோத்தால் சுவர்."

"பதினொண்டு?"

"நேற்று ஒம்பதிலையும் சமனாய்ப் போச்சு. ஆராவது வெல்லுமட்டும் விளையாடுவினம்."

"பகிடியே விடுறீர்? நான் செபமாலைமுத்தைத் தந்தனான்!"

"கிரிக்கெட் எண்டால் இந்த றோட்டே நிண்டு கதைக்கும். இதை நான் இஞ்ச ஆரோட கதைக்கிறது? வீட்டிலை இவருக்குச் சொன்னால் நித்திரையாப் போறார். அதுதான் கண்ணாடிக்குள்ள கதைக்கிறன்."

ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே கடைக்கு வந்து போனில் தேடினார். சுற்றுக்குச் சுற்று, ஓட்டத்துக்கு ஓட்டம், எதிர்க் கம்பியில் தொங்கியபடியே இருந்தது. அவருக்கு முதலில் வந்தது வியப்பு. இரண்டாவதாக வந்தது காஞ்சிபுரத்துக்குக் கொடுத்த நீல ஓடரின் நினைப்பு.

அன்றிலிருந்து விஜயரத்தினத்தைப்போல ஒரு பேஸ்போல் ரசிகர் தென் லண்டனில் இருந்திருக்க மாட்டார். நீலத்தில் முதல் போட்ட ரசிகர் அல்லவா? ஆனால் போனில் முடிவு பார்ப்பதை விட்டுவிட்டார். காலையில் பஸ்ஸால் இறங்கி, தன் கடைக்கு முதுகைக் காட்டி நின்று, இடமிருந்து வலமாகக் கண்ணாடியைப் படிப்பார். நாலாவது சேலை அரக்கென்றால் உச்சுக் கொட்டுவார். ஏழாவதில் நீலம் வந்தால் தனியே நின்று கை தட்டுவார். பொம்மையைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முன்னாலேயே பார்த்தால் ருசி போய்விடும் என்று சிவனேஸ்வரிக்கு விளங்கப்படுத்தினார்.

"உங்களுக்கு விசர்," என்றார் சிவனேஸ்வரி, அவரும் எண்ணிக்கொண்டே.

டொராண்டோ வென்றுகொண்டே போயிற்று. கனடாச் சொந்தங்கள் நீல உடுப்போடு படம் அனுப்ப, இங்கிருந்தவர்களுக்கும் நீலத்தில் ஆசை பிறந்தது. தீபாவளிக்குள் பிறேமினியின் நீலம் எல்லாம் விற்றுப்போனது. கண்ணாடிக்குள் தொங்கியது மட்டும் மிச்சம். விஜயரத்தினத்துக்குப் பாதி போனது. மறுபாதிக்குக் குரோய்டனில் ஒரு கலியாண வீடு காத்திருந்தது. மாப்பிள்ளை டொராண்டோக்காரன், கிண்ணம் வென்றால் பெண் வீட்டார் அத்தனை பேரும் நீலம் உடுப்பதாகப் பேச்சு. எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது.

அந்த ஆட்டம் முடிந்த ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் வெளிச்சம் இருந்தது. கம்பியில் எல்லாம் நெருக்கி ஒதுக்கப்பட்டு, ஒன்பதாவதுக்குப் பிறகு ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பொம்மை நிலத்தில் கிடந்தது. பக்கத்தில் பிறேமினி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அவர் உள்ளே போய் இடமிருந்து வலமாகப் படித்தார். ஒன்பதில் சமன். பத்தாவது இல்லை.

"பத்திலை என்ன நடந்தது?"

"அவங்கள் ஒண்டு எடுத்தாங்கள். நாங்கள் எடுக்கேல்லை."

கலியாண வீடு அந்த நிமிடமே அவருடைய தலைக்குள்ளிருந்து எழும்பிப் போனது. பாதி விற்றிருந்ததால் மைத்துனரின் ஷேர்ட்டுக்கு இந்த வருடம் மட்டுமட்டாகத் தப்பினார், அவ்வளவுதான்.

"அண்ணை, எனக்கு அரக்குப் போடக் கை வருகுதில்லை," என்றாள். "ஏப்ரலிலை இருந்து... என்னட்டை நீலம் முடிஞ்சுது, ஒண்டு தாங்கோ. காசுக்குத்தான். ஆருக்குத் தெரியப் போகுது?"

றோட்டுக்கு அப்பால் அவருடைய தட்டில் நீலம் சுவர் முட்ட இருந்தது. விலையைக்கூட அவள் கேட்கவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் வாழ்நாளில் ஒருமுறைதான் வருவார்.

"ஏலாது பிள்ளை," என்றார்.

"என்ன?"

"பத்தாவது அரக்கு. இல்லாததை எப்பிடித் தொங்கவிடுறது? நான் இவ்வளவு நாளும் நிண்டு வாசிச்சது பொய்யே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழும்பி, உள்ளே போய், இருந்ததிலேயே நல்ல அரக்குச் சேலையை எடுத்து வந்தாள். இருவருமாக மடித்துத் தொங்கவிட்டார்கள். அவர் பொம்மையைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பினார். யோசித்தார். கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பினார். இப்போது அது சுவரையும் பார்க்கவில்லை, றோட்டையும் பார்க்கவில்லை; ஓரமாக, பஸ் தரிப்பைப் பார்த்தபடி நின்றது.

"அடுத்த சீசன் எப்ப?"

"மார்ச் கடைசியிலை."

"அப்ப நீலத்துக்குப் பூச்சி மருந்து போட்டு வைக்கிறன்."

பிறேமினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார்.

"பிள்ளை, கண்ணாடிக்குள்ள கடைசியாத் தொங்குற அந்த அரக்கு என்ன விலை?"

பிறேமினி வாயைத் திறக்குமுன் விஜயரத்தினம் முந்திக்கொண்டார்.

"அது விக்கிறதில்லை அம்மா. றோட்டுக்கு அங்கால வாங்கோ, நல்ல நீலம் இருக்கு."