ரேடியோவின் வலது கால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட்டில் ஏறப் பயம் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? முதல் ஆளாக ரேடியோவே சிரிப்பார். ரேடியோ என்பது வாய் ஓயாத ஆள் என்பதற்காக வேலை இடத்தில் வைத்த பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பழுது பார்க்கப் போயிருந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே கூண்டு சர்ரென்று இரண்டு மாடி இறங்கியது. பாதுகாப்பு பிரேக் கவ்விப் பிடித்து நடுவில் நிறுத்தியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த லிஃப்ட் வாசலுக்குப் போனாலும் இடது கால் உள்ளே போகும், வலது கால் வர மாட்டேன் என்று வெளியிலேயே நிற்கும். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் பார்த்தார், உள்ளே நின்று செய்யும் வேலையை மற்றவர்கள் தலையில் கட்டிப் பார்த்தார். எத்தனை நாளைக்கு ஓடும்? மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இரண்டு மாதத்துக்குள் அதே கட்டடத்தில் தனியாக ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உதிரிபாகக் கிடங்கில் நாற்காலிதான். கிடங்கு என்றாலே ரேடியோவுக்கு ஆகாது. அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

மனநல ஆலோசகர்கள் மூன்று பேரிடம் போனார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர் கதை சொல்லும் லட்சணம் அப்படி.

"கூண்டு நின்னுச்சா, அபாய பட்டனை அமுக்கினேன். அமுக்கினா மணி எங்க அடிக்கும்? டியூட்டி மெக்கானிக் போன்ல. அன்னிக்கு டியூட்டி யாரு? நான்தான்! என் சட்டைப் பையிலயே அடிக்குது. நானே எடுத்து, 'வணக்கம், லிஃப்ட் சர்வீஸ்'னேன். 'மாட்டிக்கிட்டேங்க'ன்னும் நானே சொன்னேன். 'பதறாதீங்க சார், இதோ ஆள் கிளம்பிட்டாரு'ன்னு ஆறுதலும் நானே சொன்னேன். அத்தோட போன்ல சார்ஜ் போச்சு. அப்புறம் காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்தாரு. என்னைப் பாத்துட்டு என்ன கேட்டாரு தெரியுமா? 'பரவாயில்லையே, இந்தத் தடவை சீக்கிரமே வந்துட்டீங்களே!'"

மூன்றாவது ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "இவ்வளவு கலகலப்பா இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவைத்தார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கு வந்த ஒருத்திதான் இ.எம்.டி.ஆர். சிகிச்சை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். பயந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமும் ஓட்டச் சொல்வார்களாம். அந்தப் பயம் உடம்பில் எந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்து இறக்குகிறவர்களும் அதில் உண்டாம். மனைவி ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். படிப்பையும் அனுபவத்தையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எங்க வீட்டுக்காரர் கதை சொன்னா நீங்க சிரிப்பீங்களா?"

ஒருவர் "சேச்சே" என்றார், அவள் நம்பவில்லை. ஒருவர் போனையே வைத்துவிட்டார். ஏழாவதாகப் பேசிய அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "சிரிப்பு வந்தா சிரிப்பேம்மா. ஆனா அவர் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்."

"எப்ப வரட்டும் மேடம்?" என்றாள் இவள்.

முதல் இரண்டு வாரம் அந்த அம்மாள் பழகினார், மூச்சைச் சீராக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது வாரம் கதை கேட்டார், வாய்விட்டுச் சிரித்தார். ரேடியோவுக்கு மனசு விட்டுப்போயிற்று. இதுவும் போச்சா!

"உங்க வலது கால் எங்க இருக்கு, பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

பார்த்தார். குதிகால் அந்தரத்தில் நின்றது. ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது.

"எப்பத் தூக்கினேன்?"

"போன்ல சார்ஜ் போச்சுன்னீங்களே, அப்ப. அடுத்த வரியில கதவு திறந்துருச்சு. நடுவுல எவ்வளவு நேரம்?"

ரேடியோ இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது நிமிஷம். ஒத்தக் கால்லயே நின்னேன். பிரேக் விடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நான். ஆனா இந்தக் காலை வச்சா கூண்டு போயிரும்னு..." கூரையைப் பார்த்தார். "யார் மாட்டினாலும் நான் போவேன் மேடம். எனக்கு யாரு வருவா?"

அந்த அம்மாள் இரண்டு விரலை இடமும் வலமும் அசைத்தார், ரேடியோவின் கண்கள் பின்னாலேயே ஓடின. நிறுத்தி, "இப்பக் கால்ல என்ன?" என்பார். "நடுங்குது." "நடுங்கட்டும்." மறுபடியும் விரல். அழுகை வந்தது, அடங்கியது. அரைமணி நேரத்துக்கு மேல் ஆனபோது குதிகால் யாரும் சொல்லாமலே மெல்ல இறங்கிற்று.

"தரை இருக்கு மேடம்!" என்று கத்தினார்.

"இருக்கு, இருக்கு" என்றார் அவர்.

வீட்டில் அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னபோது, "நூறு தடவை சொன்ன கதையில இதை ஒரு தடவை சொல்லலையே" என்று மனைவி திட்டினாள். திட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை, இன்னும் நான்கு வாரம் பிடித்தது. கெடு முடியும் நாளில் மேற்பார்வையாளர் அந்தக் கட்டடத்தின் கீழே காத்திருந்தார். கூட வந்த மனைவியை ரேடியோ தேடினார், காணவில்லை. இடது கால் உள்ளே போயிற்று. வலது காலும் தன்பாட்டுக்குப் போயிற்று. கதவு மூடியது. நெஞ்சு படபடத்தாலும் கால்கள் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது மாடியில் கதவு திறந்தது.

எதிரே மனைவி, சுவரைப் பிடித்தபடி, வியர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"நீ எப்படி இங்க?"

"படியேறித்தான்." மூச்சு வாங்கியது. "கதவு திறக்கையில ஆள் வந்து நிக்க வேண்டாமா?"

ரேடியோ கையை நீட்டி அவளை உள்ளே இழுத்தார். அவள் உதறினாள். "தனியா இறங்கிக் காட்டணும்ல? போங்க, நான் கீழ வர்றேன்."

கதவு மூடும்போது அவள் செருப்புச் சத்தம் தடதடவென்று படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஆறு மாடியும் அழுதுகொண்டே சிரித்தார்.