மரியகுழந்தையின் குரல் இடம் மாறியது

மரியகுழந்தையின் குரல் அவருடைய தொண்டையை விட்டு இறங்கி ரசிகர்களிடம் குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். அன்று கோலார் மண்டியில் தக்காளிப் பெட்டி முந்நூறு ரூபாய்க்குப் போனது. ராபர்ட்சன்பேட்டையில் வெயில் மிதமாக இருந்தது. முந்தைய நாள்தான் அவர் தன் மேனேஜரை மாற்றியிருந்தார்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் பாலகாட் லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்து, மாதா கோயில் கொயரில் பாடிப் பழகியவர் மரியகுழந்தை. நாற்பது வருடமாகக் கோல்டு ஃபீல்ட்ஸில் அவர் பாடாத கல்யாணம் இல்லை, தேர்த் திருவிழா இல்லை, பிள்ளையார் பந்தலும் இல்லை. எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டுதான் கேட்டார்கள், அதைப் பாடினார். ஆனால் அவரே கட்டிய பாட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. நைட் ஷிப்ட் முடிந்து வரும் கணவனுக்குக் கதவு திறக்கும் பெண்ணைப் பற்றி ஒன்று, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்றடித்தால் துணி காயப்போட முடியாததைப் பற்றி ஒன்று, மாரிகுப்பம் ரயிலைப் பற்றி ஒன்று. கச்சேரி முடிந்து வாடகை நாற்காலிகளை மடக்கும் நேரத்தில் அவற்றைப் பாடுவார். ஊர்க்காரர்கள் அதுவரை காத்திருந்ததே அதற்காகத்தான். நாற்காலிக்காரர் நாற்காலியை உருவிக்கொண்டு போனாலும் நின்றபடி கேட்டார்கள். மாரிகுப்பம் பாட்டின் கடைசி அடியில் குரல் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, கேட்பவர்கள் மூச்சுவிட மறந்த பிறகு மெதுவாக இறங்கும். ஒரு முறை அந்த இடத்தில் போயிருந்த கரண்ட் திரும்பி வந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை.

இத்தனை வருடமும் அவருக்கு மேனேஜர் ஏசுபாதம். சுரங்கம் ஓடிய காலத்தில் சாம்பியன் ஷாஃப்டின் வாயில் நின்று, ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கேஜுக்கு மணி அடித்தவர். கச்சேரிகளையும் ஷிப்ட் போலவே நடத்தினார். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு முதல் பாட்டு. மணமகன் வந்து சேராவிட்டாலும் அதில் மாற்றமில்லை. மேடைக்குப் பின்னால் சவுண்ட் செட்காரரோடும் பிரியாணிக்காரரோடும் சண்டை போட்டுக்கொண்டே இருந்ததால், மரியகுழந்தையின் ஒரு பாட்டைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். காதும் மந்தம். பெங்களூரில் ஒரு கம்பெனி, மரியகுழந்தையின் சொந்தப் பாட்டுகளை மட்டும் வைத்து, அவர் பெயரிலேயே, ஏ.சி. ஹாலில் ஒரு கச்சேரி நடத்தித் தருவதாகச் சொன்னபோது, "போ தங்கச்சி. சேர் மடக்காத ஊர்ல ஒரு வாட்டி பாடிட்டு வா" என்று சொன்னவரே அவர்தான். மரியகுழந்தை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, தன் அறுபத்தாறாவது வயதில் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு இதெல்லாம் தெரியாது.

புதிய மேனேஜர் பவ்யா, மல்லேஸ்வரத்துப் பெண். கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. செய்தியை ஊருக்குச் சொல்ல அவர் ஒரு யோசனை செய்தார். இது சுரங்க ஊர் என்பதால், பழைய சுரங்கச் சங்கின் ஒலியை எங்கேயோ தேடிப் பிடித்து, ஒலிபெருக்கி கட்டிய வேனில் தெருத் தெருவாக ஊதவிட்டார். அப்போது மணி பதினொன்று. ஷிப்ட் மாறாத நேரத்தில் சங்கு ஊதினால் கீழே விபத்து என்று அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கால்களுக்கு அது தெரியாது. துணி துவைத்தவர்கள் சோப்புக் கையோடு ஓடினார்கள். சவரக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதி முகத்தோடு ஓடினார்கள். சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவர்களும், எதற்கென்று தெரியாமலே, கூட ஓடினார்கள். சாம்பியன் ஷாஃப்டின் துருப்பிடித்த வேலிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றபோதுதான், கீழே இப்போது யாருமே இல்லை என்பது ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் மரியகுழந்தையின் பெரிய படம், அதன் கீழே கம்பெனியின் பெயர். ஏசுபாதத்தின் பெயர் எங்கும் இல்லை.

முதலில் வாயைத் திறந்தவர் சம்பங்கி. பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், மரியகுழந்தை ரசிகர் மன்றத்தின் தலைவர். "இன்னா அக்கிரமம் இது! ஏசுபாதண்ணனைத் தூக்கிட்டாங்களா?" என்று கத்தினார். வந்தது மரியகுழந்தையின் குரல், மேல் ஸ்தாயியில், சுருதி சுத்தமாக. "யாருப்பா அது பாடறது?" என்று கேட்டார் நோயல். பெங்களூரில் ஒரு அலுவலகத்துக்குத் தினமும் ரயிலில் போய்வருபவர், அன்று லீவு. அவருக்கும் அதே குரல்தான், நடு ஸ்தாயியில். பக்கத்தில் நின்ற கரோலின் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இரண்டு பாட்டுக்கு நடுவில் மரியகுழந்தை சிரிக்கும் சிரிப்பு. மரியகுழந்தையும் மீன் கழுவிய கையோடு ஓடி வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்க வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது.

குரல் அவரவர் கோபத்தின் அளவுக்குத் தக்கபடி பிரிந்திருந்தது என்பது இரண்டொரு நாளில் தெளிவாயிற்று. அதிகம் கொதித்த சம்பங்கிக்கு உச்சிப் பகுதி முழுவதும் போயிருந்தது. மைசூர் மைன்ஸ் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஹரோல்டுக்குக் கமகங்கள் மட்டும் கிடைத்தன. சவாரிக்குப் பேரம் பேசினால் ஒவ்வொரு தொகையும் அசைந்து அசைந்து வந்தது. 'போனால் போகட்டும், அந்தம்மா இஷ்டம்' என்று நினைத்த சாந்தமான ஒருவருக்கு, பாடுவதற்கு முன் மரியகுழந்தை இழுக்கும் மூச்சு மட்டும் வந்து சேர்ந்தது. அதையும் அவர் பெருமையாகத்தான் வைத்துக்கொண்டார். மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலில் மீசை வைத்த ஆண்கள் மரியகுழந்தையின் குரலில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். பெட்டியிலிருந்த வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, தாங்களாகவே எழுந்து இடம் கொடுத்தார்கள். கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லோருடைய தொண்டையையும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மரியகுழந்தையின் தொண்டையைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

சம்பங்கியின் மனைவி சகுந்தலா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது வருஷமா அந்தம்மா குரலு, அந்தம்மா குரலுன்னு ஊர் ஊரா சுத்தினே. இப்ப அதுவே வூட்டுக்கு வந்து, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லுது."

"இன்னாடி பண்ணச் சொல்றே? நானா கூப்ட்டேன்?" என்று சம்பங்கி மேல் ஸ்தாயியில் கேட்டார். உண்மையில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். துவரம் பருப்பு என்று அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

மன்றத்துக்காரர்கள் திரண்டு ஏசுபாதத்தின் வீட்டுக்குப் போனார்கள். அநியாயத்துக்கு ஆண்டவரே கொடுத்த தீர்ப்பு இது, அண்ணன் சந்தோஷப்படுவார் என்பது அவர்கள் எண்ணம். ஏசுபாதம் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார். பிறகு, "தங்கச்சியை நான்தான்யா போவச் சொன்னேன்" என்றார்.

"பெரிய மனுசன்! எப்படி வுட்டுக்குடுக்காம பேசறாரு பாரு" என்று நோயல் கண் கலங்கினார்.

"வுட்டும் குடுக்கல, புடிச்சும் குடுக்கல. அந்தப் பொண்ணு முத வாட்டியா தன் பாட்டைத் தன் பேர்ல பாடப் போவுது. அந்தக் குரலைத் தூக்கி ஜோபியில போட்டுக்கினு எங்கிட்ட நியாயம் பேச வந்துட்டீங்க. போங்கய்யா."

அதன் பிறகு மன்றம் கொஞ்சம் தளர்ந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கச்சேரிக்கு இரண்டு வாரமே இருந்தது, டிக்கெட் எல்லாம் விற்றிருந்தது. பவ்யா மரியகுழந்தையின் வீட்டுக்கு வந்து, "தள்ளிப் போட்டுடலாமா மேடம்? என் தப்புதான் எல்லாம்" என்று அழுதார். மரியகுழந்தை அவருக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு, மாட்டேன் என்று தலையாட்டினார். நாற்பது வருடம் நாற்காலிச் சத்தத்துக்கு நடுவே பாடியவருக்கு இன்னொரு வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை வழக்கம்போல் ஹார்மோனியத்தைத் திறந்து, சத்தமே வராத வாயால் சாதகம் செய்தார். அவர் உதடு அசைந்தபோது, சுற்றியிருந்த நாலு தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் தங்களை அறியாமல் வாயைத் திறந்தார்கள். பங்கு பங்காக இருந்த குரல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு பிசிறு இல்லாமல், சயனைட் மேட்டுப் பாட்டைப் பாடி முடித்தது. அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே நிறுத்துவார் என்பது நாற்பது வருடமாகக் கேட்டவர்களுக்கு உடம்பிலேயே பதிந்திருந்தது. பாலகாட் லைனில் அன்று பல பேர் வீட்டில் பால் பொங்கி வழிந்தது.

செய்தி ஏசுபாதத்துக்குப் போனதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கிழமை செகண்ட் ஷிப்ட், பெங்களூர்ல. பூசை முடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் பதவி போனவரே கூப்பிடும்போது யாரால் மறுக்க முடியும்? சம்பங்கி ஒருவர்தான் மறுத்தார். "உங்களைத் தூக்கின கம்பெனி வாசல்ல நான் கால் வைக்க மாட்டேண்ணா. சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். ஏசுபாதம் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். அவ்வளவு இனிமையான குரலில் ஒருவர் மறுத்துக்கொண்டே இருக்கும்போது அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு பெட்டிகள் நிறைந்து போயின. ஹாலில் அவர்கள் கடைசி வரிசைகளிலும் பக்கவாட்டிலும் உட்கார்ந்தார்கள். ஏசுபாதம் முதல் வரிசையில் உட்கார்ந்து, காதுக்கு எட்டாததை அதிர்விலாவது பிடிக்க, மேடையின் மரப்பலகை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சரியாக ஆறு மணிக்கு மரியகுழந்தை வாயைத் திறந்தார். குரல் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எழும்பி வந்தது. பெங்களூர்க்காரர்கள் அதைப் புதுவகை ஒலிபெருக்கி என்று நினைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்கள். ஒவ்வொரு பாட்டும் நன்றாகவே போயிற்று. ஆனால் மரியகுழந்தையின் முகத்தில் வேர்வை துளிர்த்திருந்தது. கடைசியில் மாரிகுப்பம் பாட்டு இருந்தது, அதன் உச்சி இந்த ஹாலில் யாரிடமும் இல்லை.

அந்த நேரம் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் சம்பங்கி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "இன்னா, கடியாரத்தையே பாத்துக்கினு கீறே?" என்றார் சகுந்தலா.

"எவன் பாத்தான்? பொட்டலம் கட்டு."

"மாரிகுப்பம் பாட்டு வந்திருக்கும்."

"வரட்டும். எனக்கின்னா?"

இரண்டு பொட்டலம் கட்டினார்கள். மூன்றாவதில் சம்பங்கியின் கை நின்றுவிட்டது. "இப்ப கடைசி அடி. அந்தம்மா மேல ஏறிட்டு இருக்கும்" என்றார்.

"ஏறட்டுமே. நீதான் கோவமா கீறியே."

"பைத்தியமாடி நீ? கேஜ் பாதியில ஆளோட நிக்குது. மேல அதை இழுக்கற டிரைவர், எனக்குக் கோவம்னு வூட்டுக்குப் போயிருவானா?" என்று கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்து, பெங்களூர் இருக்கும் திசைக்குத் திரும்பி, வாயைத் திறந்தார்.

பிறகு விசாரித்தவர்கள் சொன்னதிலிருந்து, அந்த ஸ்வரம் ரயில் பாதை வழியாகவே போயிருக்கிறது என்று தெரிகிறது. பங்கார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மாலூரில் செங்கல் சூளைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டில் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் ரயில் வருகிறது என்று பையைத் தூக்கியிருக்கிறார்கள். ஹாலில் மரியகுழந்தை உச்சியின் வாசலில் வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல் நின்றிருந்தார். பவ்யா முகத்தை மூடிக்கொண்டார். கிழக்குப் பக்கக் கதவு திறந்துகொண்டது. குரல் உள்ளே வந்து, அவர் விட்டிருந்த இடத்தில் சரியாக ஏறி நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று யாரும் பார்க்கவில்லை. இறங்கியதும் ஹாலில் கை தட்டத் தொடங்கினார்கள். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை.

திரை விழுந்ததும் மரியகுழந்தை ஏசுபாதத்தின் காதருகே குனிந்து, காற்றுக் குரலில், "நான் எப்படிப் பாடறேன்னு இன்னிக்குத்தாண்ணா வெளியேருந்து கேட்டேன். நல்லாத்தான் இருக்குது" என்றார். ஏசுபாதம் பலகையிலிருந்து கையை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா இதையா பாடிக்கினு இருந்தே?" என்றார்.

குரல் திரும்பி வரவில்லை. மரியகுழந்தை அதைத் தேடவும் இல்லை. மைசூரிலும் மங்களூரிலும் கச்சேரி வைக்கக் கேட்டபோது, எல்லோரும் எல்லா நாளும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் ஏசுபாதம் ஷிப்ட் போட்டார். கரோலின் டீச்சருக்குப் பள்ளி விடுமுறை நாட்கள், நோயலுக்குச் சனி ஞாயிறு, ஹரோல்டுக்கு எப்போது வேண்டுமானாலும். வர முடியாதவர்கள் தங்கள் பங்கை வீட்டிலிருந்தே அனுப்பினார்கள். இப்போது மரியகுழந்தைக்கு மேனேஜர் பவ்யா, குரலுக்கு மேனேஜர் ஏசுபாதம். இருவருக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் சண்டை வரும். மாரிகுப்பம் ரயிலில் இடத் தகராறு குறைந்திருக்கிறது.

சம்பங்கி இன்றுவரை பெங்களூர் போகவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்கிறார். கச்சேரி இருக்கும் மாலைகளில், அவர் தராசைக் கீழே வைப்பதைப் பார்த்ததும் கடையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் மேலே போகிறார், நிற்கிறார், இறங்குகிறார். பிறகு தராசை எடுத்து, "அரைக் கிலோவா, ஒரு கிலோவாம்மா?" என்று அதே குரலில் கேட்கிறார். பெரும்பாலும் ஒரு கிலோ என்கிறார்கள்.