பதினோரு கம்புகள்

மூன்றாவது கம்பின் மேல் ரசமட்டத்தை ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த அப்பா, அதை மறுபடியும் பிடுங்கினார். கடப்பாரையை எடுத்துக் குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மா, மகளின் கையைத் தட்டினாள். "கொடி ஏறத்தான் கம்பு. மாடி கட்டப் போறதில்லன்னு சொல்லு."

மகள் ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னாள். அப்பா திரும்பவில்லை. "நேரா இருந்தாத்தான் காத்துக்கு நிக்கும்னு சொல்லு."

காலையிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. அம்மா இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். பின் சீட்டுச் சண்டைகளை ஒரே அதட்டலில் அடக்கிய குரல், இந்த ஒரு மாதத்தில் கட்டிலைத் தாண்டாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கொடி பீன்ஸ் அம்மாவின் பயிர். வருடா வருடம் அவளே விதைத்து, அவளே கம்பு நட்டு, சிவப்புப் பூ விட்டதும் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள். அப்பாவுக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் விழும் காய்தான். இந்த முறை அம்மா மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு காகிதக் குவளைகளில் விதை ஊன்றினாள். பதினொன்று முளைத்தன. நான்கு வாரத்தில் பிடிக்கக் கம்பில்லாமல் சரியத் தொடங்கியிருந்தன.

இன்று காலை வந்த நர்ஸ், அம்மாவின் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவையும் மகளையும் கூடத்துக்கு அழைத்தாள். "சாயங்காலம் தாண்டுறது கஷ்டம். பக்கத்துலயே இருங்க."

அப்பா நான்கு நாளாகப் பக்கத்தில்தான் இருந்தார். சவரம் செய்யவில்லை. நாற்காலியை விட்டு நகராமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே பார்த்துக்கிட்டிருந்தா நான் எப்படித்தான் போறது?" என்றாள் அம்மா. "போய்ச் செடிய நடுங்க."

"நீ இல்லாத வீட்ல எனக்கு எதுக்கு பீன்ஸ்?" அப்பா கத்தியேவிட்டார்.

"காய்க்க ஆரம்பிச்சா தினமும் பறிக்கணும். முத்த விட்டா காய்க்கிறத நிறுத்திடும். ஒரு நாள் விடக் கூடாது."

"நானா பறிக்கிறது?"

"பின்ன, உங்க பட்டறை லேத் வந்து பறிக்குமா?"

அப்பா எழுந்து போனார். பின்கதவை அவர் அறைந்து சாத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. அம்மா சிரித்தாள். பிறகு மகளை அருகே இழுத்தாள்.

"முடிக்கிற வரைக்கும் கூப்பிடாத. என்ன ஆனாலும் சரி. பாதியில எழுந்து வந்தா திரும்பப் போக மாட்டார்."

"அம்மா, அதெல்லாம் என்னால முடியாது."

"கூப்பிடாத."

மதியம் ஏழு கம்புகள் நின்றன. ஏழின் அடியிலும் செடி இருந்தது. அம்மாவின் மூச்சு அப்போதுதான் மாறியது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மகள் மனதுக்குள் எண்ணினாள். எட்டு வரை. அடுத்த முறை பன்னிரண்டு. வெளியே அப்பா முழங்காலிட்டு எட்டாவது குழிக்கு மண்ணைக் கையால் பொடித்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் வேறொரு யோசனை ஓடியது.

கூப்பிடக் கூடாது என்ற இந்த ஒன்றைத்தான் அம்மா கேட்டிருந்தாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை பதினைந்தைத் தொட்டதும் எழுந்து ஜன்னலைத் தள்ளினாள்.

"அப்பா. வாங்க."

அவர் மண் கையோடு வந்து கட்டிலருகே மண்டியிட்டார். அம்மா கண் திறந்தாள்.

"முடிஞ்சுதா?"

முப்பது வருடம் லேத்தில் நின்றவர் அப்பா. ஒரு நூல் பிசகினாலும் பிசகு என்றே சொல்வார். அதற்காக முதலாளியிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"முடிஞ்சுது," என்றார்.

மகள் மெல்ல நகர்ந்து, ஜன்னலை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனுக்கும் மகளுக்கும் பொய் சொல்லக்கூட வரல," என்றாள். அப்பாவின் மண் விரலைப் பிடித்துக்கொண்டாள். மகள் மறுபடி எண்ணினாள். அறுபதைத் தாண்டியும் அடுத்த மூச்சு வரவில்லை.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வரை அப்பா அந்தக் கையை விடவில்லை. பிறகு அதைப் போர்வையின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று மகள் நினைத்தாள். கடப்பாரைச் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு அம்மாவின் தம்பி வந்தார். அக்காவின் நெற்றியைத் தொட்டு வெகுநேரம் நின்றார். பின்கட்டுக்கு வந்தவர் அப்படியே திகைத்துப் போனார்.

"அத்தான், என்ன இது? அக்கா உள்ள கிடக்கா. நாலு பேர் வர்ற நேரம்."

"இன்னும் நாலு செடி இருக்கு."

"நாளைக்கு நட்டா ஆகாதா?"

"நாளைக்கு நான் எழுந்திரிக்க மாட்டேன்," என்றார் அப்பா, இயந்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்கிற குரலில்.

மாமா மகளைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன்மா."

அவள் இறங்கிப் போய், எட்டாவது கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா ரசமட்டத்தை வைத்தார். "கொஞ்சம் உன் பக்கம். போதும். விடாத."

எட்டு. ஒன்பது. பத்தாவதை அவளே நட்டாள். வேரோடு ஒட்டிய மண் உதிராமல் காகிதத்தை எப்படிக் கிழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. மெதுவாகச் செய்தார்கள்.

உடலை எடுத்துப் போகும் வண்டி வந்து கேட்டருகே நின்றது. மகள் மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள். "ஒரு பத்து நிமிஷம்."

ஓட்டுநர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது குழாயடியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மாமா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேய்த்த பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, பூவாளி நிரம்பக் காத்து நின்றார்.